மூன்றாம் பாகத்துக்குப் பிறகு எல்லாம் குப்பை

'வெண்கலச் சந்திரன்' தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி கைபேசியில் வந்து விழுந்தபோது, ரத்னவேல் அந்தத் தொடரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் அவருடைய அலுவலகத்தில் மதிய உணவு நேரம். கூட உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் இந்தப் பேச்சுக்குப் பயந்தே வேறு மேசைக்கு மாறிப்போய் மாதக்கணக்காகிறது. அதனால் தயிர்சாதத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நிலாவுல டிராகனுக்கு என்னய்யா வேலை? அங்க காத்தே இல்ல. எப்படிப் பறக்கும்?"

தயிர்சாதத்தை இன்னொரு முறை பிசைந்தார்.

நிலாவில் குடியேறிய தமிழர்களைப் பற்றிய அந்த அறிவியல் தொடர் சிங்கப்பூரிலேயே எடுக்கப்படுவது. ஆண்டுக்கு ஒரு பாகம் என்று பதினொன்று வந்துவிட்டது. முதல் மூன்று பாகங்களில் நிலாக் குடியிருப்பின் சுவர்கள் அட்டையால் ஆனவை. யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் நிலாவே ஆடும். 'குடுவை' என்கிற ரோபோவுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஒரு காட்சியில் ரோபோ தும்மியது. அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

"அதான் கலை," என்பார் ரத்னவேல்.

நாலாம் பாகத்தில் எழுத்தாளர் மாறினார். அட்டைச் சுவர் போய்க் கண்ணாடிச் சுவர் வந்தது. பிறகு கேப்டனுக்கு இரட்டைச் சகோதரன் வந்தான். காலப்பயணம் வந்தது. கடைசியில் டிராகன் வந்தது. "மூணாம் பாகத்துக்குப் பிறகு எல்லாம் குப்பை" என்பது எட்டு வருடமாக ரத்னவேலின் கொள்கை. சிலர் தியானம் செய்வார்கள், சிலர் மாரத்தான் ஓடுவார்கள். அவர் இதைச் சொல்லுவார்.

இதைச் சொல்வதற்கென்றே ஓர் இடமும் இருந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், பாப்பம்மாள் சாப்பாட்டுக் கடையின் மாடி. சனிக்கிழமை மாலையானால் ரசிகர் மன்றம் அங்கே கூடும். சன்னலோர மேசை பழைய பாகக்காரர்களுடையது. தலைவர் ரத்னவேல். குளிர்காற்று விடும் ஏர்கானுக்குக் கீழே உள்ள மேசை புதிய பாகக்காரர்களுடையது. அவர்களுக்குத் தலைவர், பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சேக் தாவூது. இருவரும் தோ பாயோ தொடக்கப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அன்றிலிருந்து எதிலும் ஒத்துப்போனதில்லை.

ரத்னவேல் உடனே தாவூதை அழைத்தார்.

"பார்த்தியா? நிறுத்துறாங்க!"

"பார்த்தேன்."

"எட்டு வருஷமா கத்தினேன், இப்பத்தான் காதுல விழுந்திருக்கு. நான் ஜெயிச்சுட்டேன் லா!" உற்சாகம் வந்தால் அவர் பேச்சில் சிங்கப்பூர்க்காரர்களின் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"சந்தோஷம். அப்ப சனிக்கிழமை வரமாட்டே?"

"எதுக்கு வரணும்? இனிமே பேசறதுக்கு என்ன இருக்கு?"

"அதான். நானும் கடைய மூடாம உட்கார்ந்துக்கறேன்."

தாவூது வைத்துவிட்டார். வெற்றி இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று ரத்னவேல் எதிர்பார்க்கவில்லை.

முதல் சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை மாலையில் அவரை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லாத யாமினி, அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வேலைதான் இல்லை. அதனால் அவர் சமையலறைக்குள் போனார்.

"என்னங்க, மஞ்சள்தூள் எங்க?" கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து யாமினி கேட்டாள்.

"'ம' வரிசையில இருக்கு. மல்லிக்கு முன்னாடி."

"என்ன வரிசை?"

"டப்பா எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கிட்டேன். இதுக்கு முன்னாடி ஒரு ஒழுங்கே இல்ல."

"சோம்பு?"

"அத பெருஞ்சீரகம்னு எடுத்துக்கிட்டேன். 'ப' வரிசை."

யாமினி 'ப' வரிசையில் தேடிச் சோம்பை எடுத்தாள். அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பொறுமை தொழில்முறைத் தகுதி.

அடுத்த சனிக்கிழமை அவள் திருத்துவதற்காகக் கொண்டுவந்திருந்த மாணவர் கட்டுரைகளை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது 'என் பூனை' என்ற கட்டுரையின் கீழே சிவப்பு மையில் ஒரு விமர்சனம் இருந்தது: 'தொடக்கம் அருமை. இரண்டாம் பத்தியிலிருந்து தெளிவான சரிவு. பூனை மீன் சாப்பிடுவது எதிர்பார்த்ததே. முடிவு ஏமாற்றம்.'

"இது எழுதினது மூணாம் வகுப்புப் பிள்ளைங்க!"

"வயசு ஒரு சாக்கா? முதல் பத்தியில அந்தப் பையன் எப்படி எழுதியிருக்கான் பாரு. அப்புறம் ஏன் விட்டுட்டான்?"

அதற்கும் யாமினி பொறுத்துக்கொண்டாள். அன்று மாலை அவர் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்ததுதான் வினையாயிற்று.

"என்ன யோசனை?"

"இல்ல, சாம்பார் முன்ன மாதிரி இல்ல."

யாமினி கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்ப வரைக்கும் நல்லா இருந்துச்சு?"

அவர் நேர்மையான மனிதர். அதுதான் அவருடைய கஷ்டமே. "முதல் மூணு வருஷம்."

அவர் முன்னாலிருந்த சாம்பார்க் கிண்ணத்தை அவள் நகர்த்தி வைத்தாள்.

"இங்க பாருங்க," என்றாள் யாமினி. "அந்தச் சந்திரனோ சூரியனோ, அது திரும்ப வரணும். சனிக்கிழமையானா நீங்க வெளிய போகணும். போயி அந்த ஆளுங்களத் திட்டுங்க. உலகத்துல எதைவேணா திட்டுங்க. இல்லன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். மிச்ச சீசன நீங்க தனியா எடுத்துக்கங்க."

ரத்னவேலுக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே, தாவூதோடு சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பும் வந்தது.

மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போய் நின்றார்.

"தாவூது, தொடரக் காப்பாத்தணும்."

தாவூது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "எந்தத் தொடர?"

"நம்ம தொடரத்தான்."

"எட்டு வருஷமா அதக் கொல்லச் சொன்னது நீ. இப்ப காப்பாத்தணும்னு சொன்னா எவன் நம்புவான்?"

"நம்பற மாதிரி எழுதறேன் பாரு."

அன்றே எழுதினார். நேர்மையான மனிதர் என்று முன்பே சொன்னோம். பொய் சொல்லாமல், அதே சமயம் உருக்கமாக எழுத வேண்டும் என்று வெகுநேரம் யோசித்து, மன்றத் தலைவர் என்று கையெழுத்தும் போட்டு, இணையத்தில் இப்படி வெளியிட்டார்: 'ஆமாம், இது குப்பைதான். ஆனால் நம் குப்பை. இதைக் காப்போம்!'

எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது.

மறுநாள் காலையில் ஓர் இணையச் செய்திப் பக்கம் அவர் படத்தோடு தலைப்புப் போட்டது: 'வெண்கலச் சந்திரன் குப்பைதான் - ரசிகர் மன்றத் தலைவரே ஒப்புதல்.' மதியத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அதுவரை அந்தத் தொடரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

தாவூது அழைத்தார். "நல்லா காப்பாத்தறே லா."

"நான் உருக்கமா எழுதினேன்டா!"

"உருக்கிட்டே. மிச்சம் இருந்ததையும் உருக்கிட்டே. முதல்ல உன் பழைய வீடியோ எல்லாத்தையும் எடு. எவன் தேடினாலும் நீ டிராகனத் திட்டறதுதான் முன்னாடி வருது."

'ரத்னவேலின் ரேடார்' என்ற பெயரில் அவர் யூடியூபில் ஒரு சேனல் வைத்திருந்தார். ஒவ்வொரு பாகத்தையும் வரிக்கு வரி பிரித்துத் திட்டிய எட்டு வருட உழைப்பு. சில வீடியோக்கள் அவர் திட்டிய எபிசோடைவிட நீளமானவை. ஒவ்வொன்றாக அழித்தார். குடுவையின் மரணத்தைப் பற்றிய வீடியோவை அழிக்கும்போது மட்டும் விரல் தயங்கியது. அதையும் அழித்தார்.

தொலைபேசி உடனே அடித்தது. மருதப்பன். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்பவன். சனிக்கிழமைதோறும் ரயில் மாறி ரயில் ஏறி வந்து, ரத்னவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திட்டும்போதெல்லாம் "அப்படிப் போடுங்கண்ணே" என்பவன். பழைய பாகக்காரர்களில் அவனைப்போல் விசுவாசி கிடையாது.

"அண்ணே, ஒரு வீடியோவையும் காணோமே? எவனோ ஹேக் பண்ணிட்டான்ணே!"

"இல்ல மருதப்பா. நான்தான் எடுத்துட்டேன்."

"கம்பெனிக்காரன் என்னண்ணே குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல."

"டி-ஷர்ட்டா?"

"டேய், ஒண்ணுமே குடுக்கலடா!"

"சும்மாவே விலை போயிட்டீங்களாண்ணே?" என்று கேட்டபோது மருதப்பனின் குரல் உடைந்தது.

சாயந்தரத்துக்குள் ரத்னவேலைப் பழைய பாகக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். குழுவின் பெயரும் 'உண்மையான பழைய பாகக்காரர்கள்' என்று மாறியது. புதுத் தலைவர் மருதப்பன். முதல் தீர்மானம், துரோகியோடு யாரும் தேநீர் குடிக்கக் கூடாது. குழுவுக்குள் மாற்றுக்கருத்துச் சொன்ன இருவர் அன்றே பிரிந்துபோய் 'மிக உண்மையான பழைய பாகக்காரர்கள்' தொடங்கினார்கள். இரண்டு குழுக்களும் புதிய பாகக்காரர்களும் இணையத்தில் ஒருவரையொருவர் கிழித்தார்கள். எந்தப் பாகத்தில் எந்தக் காட்சி எவ்வளவு கேவலம் என்பதற்கு ஆதாரம் தேடி ஊரே பழைய எபிசோடுகளுக்குள் இறங்கியது.

"இன்னும் ஒரே வழிதான் இருக்கு," என்றார் தாவூது. "தொடர் எடுக்கற கம்பெனிக்கு போன் போட்டுப் பேசினேன். ஒரு பொண்ண அனுப்பறாங்களாம், சுஷ்மிதான்னு. வர்ற சனிக்கிழமை எல்லாரும் கூடறோம். அந்தப் பொண்ணு முன்னாடி நீ எழுந்து நின்னு தொடரப் பாராட்டணும்."

"பாராட்டணுமா?"

"நீ பாராட்டினா அதுதான் செய்தி. நான் பாராட்டினா எவன் கேப்பான்?"

"எனக்குப் பாராட்ட வராதுடா."

"வரும். உட்காரு."

கண்ணாடிக் கடையில் பயிற்சி தொடங்கியது. வாடிக்கையாளர்கள் கண் பரிசோதனைக்கு உட்காரும் நாற்காலியில் ரத்னவேல் உட்கார்ந்தார்.

"டிராகன்லேர்ந்து ஆரம்பி. டிராகன் எப்படி?"

"மோசம்."

"வேலு."

"பெரிசா இருந்துச்சு."

"அது பாராட்டு இல்ல, அளவு. வேற சொல்லு. பல்லக் கடிக்காம சொல்லு."

ரத்னவேல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "தைரியமான... டிராகன்."

"ஆங், அப்படி! அடுத்தது காலப்பயணம்."

"இரு. நீ முதல்ல சொல்லு, நான் கத்துக்கறேன். பத்தாம் பாகத்துல உனக்கு எது பிடிச்சது?"

"எல்லாமே."

"குறிப்பா?"

தாவூது ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்தார். "நீ திட்டுவியே, அந்த இடம்."

"நான் எல்லா இடத்தையும்தானே திட்டினேன்?"

"அதான், எனக்கும் எல்லாமே பிடிச்சது."

சனிக்கிழமை பாப்பம்மாள் கடை மாடியில் நிற்க இடமில்லை. மருதப்பனின் ஆட்கள் 'மூன்றாம் பாகத்தோடு நிறுத்தியிருக்கலாம்' என்று பெரிய துணியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 'இரண்டாம் பாகத்தோடு' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். பாப்பம்மாள் படியேறி வந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன வேணா பேசிக்கங்க. தட்ட மட்டும் வீசக்கூடாது. போன வருஷம் வீசினது இன்னும் ரெண்டு கெடைக்கல."

சுஷ்மிதா முதுகுப் பையும் மடிக்கணினியுமாக வந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று முகமே சொன்னது. ஆனால் முகத்தில் ஒரு பூரிப்பு. ரத்னவேலைப் பார்த்ததும் வணங்கிவிட்டுச் சொன்னாள்:

"அங்கிள், உங்களப் பத்தி ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு குட் நியூஸோடதான் வந்திருக்கேன். பட் ஃபர்ஸ்ட் நீங்க பேசுங்க."

ரத்னவேல் எழுந்தார். "துரோகி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மருதப்பன்தான்.

"வணக்கம். டிராகன்... தைரியமான டிராகன்."

கூட்டம் சிரித்தது. தாவூது தலையில் கை வைத்தார். ரத்னவேலுக்குப் பயிற்சியில் சொன்னது எல்லாம் மறந்துபோயிற்று. மறந்துபோனதால் வாயில் வந்ததைச் சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்லணும். நாலாம் பாகத்துல குடுவை செத்துப் போச்சு. நான் அதத் திட்டி ஒரு வீடியோ போட்டேன், எல்லாரும் பார்த்தீங்க. ஆனா திட்டறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல போயி அழுதேன். அத எந்த வீடியோலயும் சொல்லல. ஒரு தகர டப்பாவுக்காக ஒரு ஆள அழவைக்கணும்னா அத எழுதினவன் சும்மா ஆள் இல்ல. புது எழுத்தாளன்தான் எழுதினான். நல்லாத்தான் எழுதினான்."

சிரிப்பு நின்றது.

"போன ரெண்டு சனிக்கிழமை நான் வீட்டுல இருந்தேன். பண்ணக்கூடாத வேலை எல்லாம் பண்ணேன். சாம்பாரக் குறை சொன்னேன். முதல் பாகம் வந்தப்ப எனக்குத் தலை நிறைய முடி. தாவூதுக்குத் தொப்பை இல்ல. நாங்க மாறினத எவனும் திட்டல. அது மாறினத மட்டும் நான் உட்கார்ந்து திட்டினேன். தப்பு. பதினோரு பாகமும் நல்ல பாகம்தான்."

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பல்லைக் கடிக்காமல் சொல்லியிருந்தார்.

மருதப்பன் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து முன்வரிசை கொஞ்சம் ஒதுங்கியது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணே, நான் சிங்கப்பூர் வந்தப்ப ஆறாவது பாகம் ஓடிட்டிருந்துச்சு. ரூம்ல எல்லாரும் ஒரே போன்ல கூடி உட்கார்ந்து பார்த்தோம். ஊர் நினைப்பு வராம இருந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுண்ணே. அப்புறம் உங்க வீடியோ பார்த்தேன், குப்பைன்னு சொன்னீங்க. சரி, படிச்சவங்க இதக் குப்பைம்பாங்க போலன்னு நானும் கஷ்டப்பட்டு வெறுத்தேன்."

ரத்னவேல் அவனைக் கட்டிக்கொண்டார். தாவூது வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். உண்மையானவர்களும் மிக உண்மையானவர்களும் கை குலுக்கினார்கள். சன்னலோர மேசையையும் ஏர்கான் மேசையையும் இழுத்து ஒன்றாகப் போட்டார்கள். யாரோ கைதட்ட, மாடியே அதிர்ந்தது. கீழே பாப்பம்மாள் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

"எல்லாரும் கையத் தூக்குங்க!" என்றார் ரத்னவேல், உணர்ச்சி வேகத்தில். "இன்னையிலேர்ந்து இந்தத் தொடர நாம யாரும் ஒரு குறையும் சொல்லமாட்டோம்!"

"சொல்லமாட்டோம்!"

"வர்றத அப்படியே ரசிப்போம்!"

"ரசிப்போம்!"

எட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த மாடியில் எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தார்கள். ரத்னவேல் முகமெல்லாம் சிரிப்பாகச் சுஷ்மிதா பக்கம் திரும்பினார். அவள் மடிக்கணினியை மெதுவாக மூடிக்கொண்டிருந்தாள். பூரிப்பைக் காணவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நினைத்தார்.

"என்னம்மா, இப்ப சொல்லு. ஏதோ குட் நியூஸ்னியே?"

"பன்னெண்டாவது சீசன் ஓகே ஆயிடுச்சு அங்கிள்," என்றாள் அவள். கூட்டம் ஆர்ப்பரிக்க வாயெடுத்தது. "அதாவது, காலையில ஓகே ஆச்சு. இந்த வாரம் வியூஸ் அவ்வளவு ஏறியிருந்துச்சு."

"காலையிலயா? இப்ப என்னாச்சு?"

கட்டிப்பிடித்து நின்றவர்களைச் சுஷ்மிதா ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"பிடிச்சிருக்குன்னு சொல்றவங்க எல்லாரும் முதல் எபிசோட்ல பாதியிலயே ஆஃப் பண்ணிடறாங்க அங்கிள், எங்க சிஸ்டத்துல தெரியும், ஒண்ணு விடாம கடைசி வரைக்கும் பாக்கறது திட்டறவங்க மட்டும்தான், நீங்களும் ரசிகரா மாறிட்டா இனிமே இத யாரு லா பாப்பாங்க?"